துள்ளுகிற நாய்க்கு ஒரு வீடு

நாய் ஒன்றைத் தத்தெடுத்துக்கொள்ளும் உத்தேசத்தோடு பிராணிகள் காப்பகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் நின்று பார்க்கிறார்கள். கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கும் இடம் ஒன்று. யாரோ ஆசையாக வாங்கி வளர்த்து, வீடு மாறும்போதோ நோய் கண்டபோதோ கைவிட்டுப் போன லாப்ரடார், பக் முதலிய சீமை ஜாதி நாய்கள் இருக்கும் இடம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே நீண்டு செல்லும் கூண்டு வரிசையில், ஒரு வயதை ஒட்டிய நாட்டு நாய்களும் கலப்பு நாய்களும் கம்பியின்மேல் பாய்ந்தும், இடைவிடாமல் குரைத்தும், தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தும் ஆர்ப்பரித்துக்கொண்டிருக்க, அவற்றைக் கண்ட மாத்திரத்தில் வந்தவர்கள் குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போடுகிறார்கள். 'இது ரொம்ப முரடு' என்ற தீர்மானம், அந்த நாயோடு ஒரு நிமிஷங்கூடப் பழகாமலே ஏற்பட்டுவிடுகிறது.

இப்படி யாரும் நின்று பாராமல் கடந்து போகும் நாயைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். அதன் துள்ளல் அதனுடைய குற்றம் அல்ல என்பதும், அதற்குக் காரணமும் உண்டு, கால எல்லையும் உண்டு என்பதும், இதை அறிந்து ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு அதைவிட நல்ல துணை வாய்ப்பது அரிது என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

சென்னைக்குத் தெற்கே ஒரு காப்பகத்தில் இருக்கும் மணி என்ற நாயை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மணி என்பது அங்குள்ள பணியாளர்கள் இட்ட பெயர். செம்மண் நிற உடல், மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை, நிமிர்ந்து நிற்கும் ஒரு காது, பாதியில் மடிந்து தொங்கும் மற்றொரு காது. ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் மோதிப் பின்னங்கால் எலும்பு முறிந்து சாலையோரத்தில் கிடந்ததை, அவ்வழியே சென்ற கல்லூரி மாணவர் ஒருவர் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். அறுவைச் சிகிச்சையும் கட்டும் ஓய்வுமாக மாதங்கள் கழிந்து கால் கூடிவிட்டது. ஓடும்போது உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் சிறு தாங்கல் ஒன்று மிஞ்சியிருக்கிறது. இப்போது ஒரு வயதைத் தாண்டிவிட்ட அந்த நாய், கூண்டுக்கு முன்னால் மனித நிழல் தட்டினாலே கம்பியின் மேல் விளிம்பு வரை எகிறுகிறது. பல மாதங்களாக எத்தனையோ குடும்பங்கள் வந்து போயும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அங்கே நெடுநாளாக வேலை செய்யும் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, "முரடெல்லாம் இல்லீங்க ஐயா. நாள் முழுக்க இந்த நாலு சுவத்துக்குள்ள கிடந்தா யாருக்குத்தான் இருப்புக் கொள்ளும்? வெளியில கூட்டிட்டு வரேன், நீங்களே பாருங்க" என்று கயிற்றை எடுத்தார். வெளியே வந்த முதல் சில நிமிஷங்கள் மணி அவரை இழுத்துக்கொண்டே போயிற்று. பிறகு வேப்பமரத்தடியில் நின்று, மண்ணை, வேரை, காய்ந்த சருகை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. வேலியோரம் முழுவதையும் அதே சிரத்தையோடு ஆராய்ந்தது. அரை மணி நேரம் இவ்விதம் போனபின், தானாகவே திரும்பி வந்து, பெரியவரின் முழங்காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தது. கூண்டின் முன்னால் நின்று பார்த்தவர்கள் கண்டதும் இதே நாயைத்தான்.

தெருவில் பிறந்த நாயைத் தெருவிலேயே விட்டுவிடலாமே, அதற்கு எதற்கு வீடு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, நம் நாட்டுச் சட்டமும் பொதுவிதியாக அவ்வாறே சொல்லிவந்திருக்கிறது. 2001-ஆம் ஆண்டு ஏற்பட்டு 2023-இல் புதிதாக்கப்பட்ட கருத்தடை விதிகளின்படி, தெரு நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்காகக் காதின் நுனியில் சிறிது கத்தரித்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். இந்த முறைக்குச் சென்னை நகரத்தோடு விசேஷ சம்பந்தம் உண்டு. விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரம், 1959-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தியாகராய நகர் வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் காப்பாற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றதிலிருந்து வளர்ந்ததுதான் ப்ளூ கிராஸ் சங்கம். 1964-இல் முறைப்படி ஏற்பட்ட அச்சங்கம், நாய்களைப் பிடித்துக் கொல்வதால் அவற்றின் தொகை குறைவதில்லை, கருத்தடையே சரியான உபாயம் என்று பல்லாண்டுகள் வாதாடியது; சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-இல்தான். ஒரு தெருவின் நாய்களை ஒழித்துவிட்டால் அடுத்த தெருவின் நாய்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன என்ற எளிய உண்மையை அரசாங்கம் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் பிடித்தது.

ஆயினும், திரும்ப விட முடியாத நாய்கள் சில உண்டு. தாயையும் கூட்டத்தையும் பிரிந்து மனிதர் கையில் வளர்ந்த குட்டி, வாகனத்துக்கு ஒதுங்குவதையும் அயல் தெரு நாய்களோடு சமாதானமாகப் போவதையும் கற்றுக்கொள்ளும் பருவத்தைக் காப்பகத்தின் சிமெண்டுத் தரையில் கழித்துவிடுகிறது. அதைச் சாலையில் விடுவது சாவுக்குக் கொடுப்பதற்குச் சமம். கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா என்ற அம்மையாரும் அவருடைய மாணவர்களும் தெரு நாய்களின் வாழ்க்கையை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். அவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, தெருவில் பிறந்த குட்டிகளில் இனவிருத்திப் பருவத்தை எட்டியவை 19 சதவிகிதமே; நேர்ந்த சாவுகளில் சுமார் 63 சதவிகிதம் ஏதோ ஒரு விதத்தில் மனிதர்களால் நேர்ந்தவை. தாயின் காவலில் வளரும் குட்டிகளின் கதியே இதுவானால், வளரும் பருவத்தைக் காப்பகத்தில் கழித்த மணியின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் டில்லித் தெரு நாய்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலும் தத்தெடுப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. தெரு நாயை எடுத்து வளர்க்க விரும்புகிறவர்கள் நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். எடுத்துக்கொண்ட நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்களுடைய பொறுப்பு என்றது நீதிமன்றம். தெரு நாய்களைப் பற்றித் தேசம் முழுவதும் கோபமும் பயமும் கருணையும் ஒன்றோடொன்று மோதும் இக்காலத்தில், ஒரு நாய் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்வதைப்பற்றி மட்டும் இரு கட்சியாருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை.

இனி அந்தத் துள்ளலுக்கு வருவோம். நாய்க்கு ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையிலான காலம் மனிதரின் விடலைப் பருவத்தை ஒத்தது. உடல் ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிடும். விவேகமோ பின்தங்கி வரும். 2020-இல் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு சங்கதியைப் பரிசோதித்தார்கள். ஐந்து மாத வயதில் 'உட்கார்' என்றால் உட்கார்ந்த நாய்கள், எட்டு மாத வயதில், தம்மை வளர்ப்பவர் சொல்லும்போது மட்டும் அசட்டையாக நின்றன. அதே சொல்லை அந்நியர் ஒருவர் சொன்னால் கேட்டன. வளர்த்தவரிடம் மட்டும் முரண்டு பிடிப்பது என்பது மனிதக் குழந்தைகளிடம் நாம் அறிந்த பருவ சுபாவந்தானே! விசேஷம் என்னவென்றால், ஒரு வயது நிறையும் தறுவாயில் அந்த முரண்டு தணிந்து, பழக்கினால் பழகும் குணம் முன்னிலும் நன்றாகத் திரும்பிவிட்டது. 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று ஜனங்கள் நாயைக் கொண்டுவந்து காப்பகத்தில் விடுவது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட மாதங்களில்தான். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு சிரமத்துக்காக, அந்த ஜீவன் ஆயுள் முழுவதும் வீட்டை இழக்கிறது. இதைப் போல என் மனத்தை வருத்தும் சங்கதி வேறொன்று இல்லை.

பருவத்தோடு கூண்டும் சேர்ந்துகொள்கிறது. ஓடுவதற்கும் மோந்து அறிவதற்கும் அமைந்த தேகத்தை, நாலு பக்கமும் குரைப்பொலி மோதும் ஒரு சிறு அறையில் அடைத்து வைத்தால், பகல் முழுவதும் சேர்ந்த சக்தி, மனிதர் ஒருவர் எதிரே வரும் அந்த ஒரு கணத்தில் ஒருசேர வெளிப்படுகிறது. இது காப்பகத்தாரின் குறையும் அல்ல. நூற்றுக்கணக்கான நாய்களைச் சில பேர் பராமரிக்கும் இடத்தில், ஒவ்வொன்றையும் தினந்தோறும் நடத்திச் செல்வது எளிதில் ஆகிற காரியமா? மேலும், அந்தப் பாய்ச்சல் ஆகாரத்துக்காக மட்டும் என்று நினைப்பதும் தவறு. அனிந்திதா பத்ரா குழுவினர் 2017-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், முன்பின் அறியாத மனிதர் ஒருவர் சில தெரு நாய்களுக்கு ஆகாரம் கொடுத்தும், வேறு சிலவற்றைத் தலையைத் தடவிக் கொடுத்தும் பல தடவை பழகிப் பார்த்தபோது, நாய்கள் அதிகமாக நம்பி நெருங்கி வந்தது தடவிக் கொடுத்தவரிடமே. நாள்தோறும் பசியோடு அலையும் தெரு நாய்க்கே இதுதான் சுபாவம்.

அடுத்தது கலப்பு என்ற குறை. காப்பகத்தில் காதில் விழும் முதல் கேள்வி, "இது என்ன ஜாதி?" என்பதே. மணிக்கு அகன்ற தலையும் தடித்த வாலும் இருப்பதால், "லேப் கிராஸ்" என்று பணியாளர்கள் சொல்கிறார்கள்; அப்படிச் சொன்னால் கேட்பவர் முகம் சற்று மலர்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். உண்மையில், கண்ணால் பார்த்துச் சொல்லும் ஜாதி மரபணுப் பரிசோதனையில் அடிக்கடி பொய்த்துப் போகிறது. சரியாகவே சொல்லிவிட்டாலும் அதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணங்களை அவற்றின் சொந்தக்காரர்களிடம் கேட்டறிந்து, அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் சோதித்து, 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, நாய்க்கு நாய் காணும் குண வேற்றுமையில் ஜாதியைக் கொண்டு விளக்கக்கூடியது சுமார் 9 சதவிகிதமே என்று கண்டது. எஞ்சியதெல்லாம் அந்தந்த நாயின் பிறவி, வளர்ப்பு, வயது, அனுபவம்.

நாய் ஜாதிகளின் பட்டியலும் தூய வம்சம் என்ற கருத்தும் இப்போதுள்ள உருவத்தை அடைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில். லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது 1873-இல். மனிதனும் நாயும் சேர்ந்து வாழ்வதோ அதைவிட எத்தனையோ மடங்கு பழமையானது. 1914-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பான் நகரத்தை அடுத்த ஓபர்காஸல் என்ற இடத்தில், கல் வெட்டிய தொழிலாளர்கள் ஒரு புராதன சவக்குழியைக் கண்டார்கள். சுமார் 14,000 வருஷங்களுக்கு முன் புதைக்கப்பட்ட ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அவர்களோடு ஒரு நாயும் அதில் இருந்தன. பிற்காலத்தில் அந்த நாயின் பற்களை ஆராய்ந்தவர்கள், அது ஏறக்குறைய ஏழு மாத வயதில் இறந்தது என்றும், அதற்கு முன் டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோய் கண்டு வாரக்கணக்கில் படுத்திருந்தது என்றும், மனிதர் தண்ணீர் புகட்டிப் பக்கத்திலிருந்து பேணியிராவிட்டால் அத்தனை நாள் உயிர் தரித்திருக்க முடியாது என்றும் கண்டறிந்தார்கள். வேட்டைக்கு உதவாத, காவலுக்கும் உதவாத, நோய்ப்பட்ட ஓர் இளம் நாயை, எழுத்தும் ஏரும் அறியாத அந்த மக்கள் கைவிடவில்லை.

நம் நாட்டிலும் அத்தகைய சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனுடைய முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில் எடுத்த நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்து அந்த நாய் காவல் நின்ற செய்தியும், கோவிவன் என்ற அதன் பெயரும் அந்தக் கல்லிலேயே பொறித்திருக்கின்றன. அரசர் பெயரும் வீரர் பெயரும் வெட்டும் கல்லில் ஒரு நாயின் பெயரையும் வெட்டி வைத்த அந்த ஊராரை நினைக்கும்போது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது. கோவிவன் என்ன ஜாதி என்று அவர்கள் எழுதவில்லை. (வானத்தில் பூமியைச் சுற்றி வந்த முதல் பிராணியான லைக்காவும், மாஸ்கோ தெருவில் திரிந்த கலப்பு நாய்தான். பசியும் குளிரும் தாங்கிப் பழகியது என்று தேர்ந்தெடுத்து, உயிரோடு திரும்பும் வழியே இல்லாத கலத்தில் 1957 நவம்பர் 3-ஆம் தேதி அதை ஏற்றி அனுப்பினார்கள். தெரு நாயின் உரத்துக்கு அது ஒரு சான்று என்றாலும், நினைக்க மனம் பொறுக்காத சான்று.)

நம் ஊர் வெயிலுக்கு நாட்டு நாயின் குட்டை மயிரும், நீண்ட மூக்கும், ஒட்டிய வயிறும் எத்தனை பொருத்தமானவை என்பதை, சித்திரை மாதத்தில் பக் நாய் மூச்சுக்குத் திணறுவதையும், பனிநாட்டு ஹஸ்கியை மின்விசிறிக்கு அடியில் கிடத்தியிருப்பதையும் பார்த்தவர்கள் அறிவார்கள். இதற்கு மேல் அதைப்பற்றி விவரிக்க வேண்டியதில்லை.

தயங்குகிறவர்களுக்கு வேறொரு பயமும் உண்டு. அதை நான் இலேசாக எண்ணவில்லை. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்டது இந்த நோயை முன்னிட்டே. ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்தை வயிற்றில் பதினான்கு ஊசிகளாகப் போட்டுக்கொண்ட தலைமுறையினர் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். நாய் என்றதும் அவர்கள் முகம் சுளிப்பதில் ஆச்சரியமில்லை. அந்த மருந்து இந்நாட்டில் வழக்கொழிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது போடுவது கையில் போடும் வேறு மருந்து. நாய்க்கும் மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தால், அந்த வீட்டுக்கு நோய் வரும் வாசல் ஏறக்குறைய அடைபட்டுவிடும். பொறுப்புள்ள காப்பகங்கள் வெறிநோய்க்கும், பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கும் ஊசி போட்டு, கருத்தடையும் செய்த பிறகே நாயைக் கொடுக்கின்றன. எங்கிருந்து வந்தது, என்ன ஊசி போட்டது என்று தெரியாமல் வாங்கும் குட்டியைக் காட்டிலும், மாதக்கணக்கில் வைத்தியர் கண்ணில் இருந்த இந்த நாய் நிச்சயமாகப் பத்திரமானது.

இனி, வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு நடப்பது. கூண்டில் அத்தனை ஆர்ப்பாட்டம் செய்த நாய், முதல் சில நாட்கள் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கி, ஆகாரத்தையும் தொடாமல் இருக்கக்கூடும். அதை வெளியே இழுக்காமல், சுற்றத்தாரையும் அண்டைவீட்டாரையும் பார்க்க வரச் சொல்லாமல், தண்ணீரையும் சோற்றையும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் வைத்துவிட்டு ஒதுங்கியிருப்பதே உத்தமம். பயம் தெளியச் சில நாளும், வீட்டின் ஒழுங்கு புரியச் சில வாரமும், 'இது என் வீடு' என்ற உறுதி ஏற்படச் சில மாதமும் ஆகும். அதுவரை வாசற்கதவு திறந்திருக்க விடலாகாது. புது நாய்கள் காணாமற்போவது பெரும்பாலும் முதல் வாரங்களில்தான். அதிலும் தீபாவளி வெடியோசைக்கு மிரண்டு ஓடிய நாய் திரும்பி வருவது துர்லபம்.

அதன் பின்பே துள்ளல் ஆரம்பமாகும். அதற்கு மருந்து காலையிலும் மாலையிலும் நடை. வெயில் ஏறுமுன்பும், தார்ச்சாலையின் சூடு அடங்கிய பின்பும். தரையில் புறங்கையை வைத்துப் பார்த்து, நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும் என்று அறிந்துகொள்ளலாம். நடை என்றால் வேகமாக இழுத்துச் செல்வது அல்ல. நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகவே தெரிகிறது. ஒரு மின்கம்பத்தடியில் யார் யார் வந்து போனார்கள், எந்த நாய் எந்த நிலையில் இருந்தது என்பதையெல்லாம் அது மோந்து அறிகிறது. அவசரமில்லாமல் மோந்து பார்க்க விட்ட அரை மணி நடை, மூச்சிரைக்க ஓடிய ஒரு மணி ஓட்டத்தைவிட அதன் மனத்தை அமைதிப்படுத்தும். ஆகாரத்தையும் தட்டில் கொட்டிவிடாமல், பழந்துணியில் முடிந்து வைத்தோ, புல்தரையில் தூவியோ தேடித் தின்னச் செய்தால், செருப்பையும் தலையணையையும் கடிக்கும் வேகம் பெரிதும் தணியும்.

மேலே பாய்ந்து வரவேற்கும் பழக்கத்தை அடித்துத் திருத்த முடியாது. அடி, நாய்க்குக் கையைப் பார்த்தால் பயப்படவும், பயம் மிஞ்சினால் கடிக்கவும் மட்டுமே கற்றுக்கொடுக்கும். பாயும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசாமல் நின்று, நாலு காலும் தரையில் பட்ட அந்தக் கணத்தில் அன்பாகத் தடவி, ஒரு துண்டு ஆகாரமும் கொடுத்து வந்தால், எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்பதை அது தானே கணக்கிட்டுக்கொள்ளும். வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றுபோல இதைச் செய்ய வேண்டும் என்பதே இதிலுள்ள ஒரே சிரமம். தாத்தா ஒரு விதமாகவும் பேரன் ஒரு விதமாகவும் நடந்தால் நாய் குழம்பிப்போகும். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிவைக்கும் வழக்கமோ, அடக்கமான நாயையும் மூர்க்கமாக்கிவிடும். காவலுக்கென்று நாயை எடுத்து வாசலில் கட்டிவிடும் உத்தேசமுள்ளவர்கள் தத்தெடுக்காமல் இருப்பதே அந்தப் பிராணிக்குச் செய்யும் உபகாரம்.

சோறு விஷயத்தில் ஒரு வார்த்தை. மீந்த சாம்பார் சாதத்தை நாய்க்குப் போடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். ஆனால் சாம்பாரில் சேரும் வெங்காயம் நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் நஞ்சு. திராட்சையும் சாக்லேட்டும் அப்படியே ஆகா. வெறும் தயிர் சாதமும் வளரும் நாய்க்குப் போதாது. சோற்றோடு முட்டையோ, வேகவைத்த கோழியோ சேர வேண்டும். புலால் சமைக்காத வீடாக இருந்தால், கால்நடை மருத்துவரைக் கேட்டு அதற்கேற்ற ஆகாரத்தைத் தீர்மானித்துக்கொண்ட பிறகே நாயை அழைத்து வர வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் இருப்போர், சங்கத்தார் ஆட்சேபிப்பார்களே என்று அஞ்சுகிறார்கள். வளர்ப்புப் பிராணிகளை அடியோடு தடைசெய்யக் குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரமில்லை என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் தெளிவாகக் கூறியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் ஏற்பட்டு, ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் முதல் தலைவராக இருந்து வளர்த்து, நெடுங்காலம் சென்னையிலிருந்தே நடந்து வந்த வாரியம் அது. எனினும், உரிமையைச் சொல்லிச் சண்டையிடுவதைக் காட்டிலும், நாயைக் கயிற்றில் பிடித்து நடத்தி, அது அசுத்தம் செய்த இடத்தைத் தம் கையாலேயே சுத்தம் செய்து, மாநகராட்சி உரிமமும் ஊசிச் சீட்டும் வைத்திருக்கும் வீட்டாரிடம் அண்டை அயலார் காலப்போக்கில் இணங்கிவிடுகிறார்கள்.

காப்பகத்தார் விண்ணப்பத்தில் பல கேள்விகள் கேட்பதையும், வீட்டை வந்து பார்ப்பதையும் சிலர் அவமானமாக எண்ணுகிறார்கள். ஒரு தடவை கைவிடப்பட்ட ஜீவன் மறுபடியும் கைவிடப்படக்கூடாது என்ற கவலையே அதற்குக் காரணம். எவ்வளவு முயன்றும் ஒத்துவராமற்போனால் நாயைக் காப்பகத்திலேயே திரும்ப ஒப்படைக்கலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே சாலையில் இறக்கிவிட்டு வருவது மட்டும் சட்டப்படியே குற்றம்.

மணிக்குத் தோட்டமும் பங்களாவும் தேவையில்லை. காலையில் நடக்கும் வழக்கமுள்ள ஒருவர், பகலில் வீட்டில் யாராவது ஒருவர், தள்ளினால் விழுந்துவிடும் வயதைத் தாண்டிய குழந்தைகள், ஓராண்டுக் காலத்துக்குச் சேதமாகக்கூடிய சில செருப்புகளைப் பொறுத்துக்கொள்ளும் மனம், அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அதோடு வாழும் உத்தேசம் இவை இருந்தால், இரண்டு அறைகளே உள்ள வீடும் அதற்குத் தாராளமாகப் போதும். பார்க்கப் போகிறவர்கள் குடும்பத்தோடு, அவசர வேலை எதுவும் இல்லாத ஒரு நாளில், வெயிலுக்கு முன்னே போவது நல்லது. கூண்டுக்கு முன்னால் நின்று எதையும் தீர்மானிக்க வேண்டாம். கயிற்றில் கட்டி வெளியே அழைத்து வரச் சொல்லி, அரை மணி நேரம் கூடவே நடந்துவிட்டு, அதன் பிறகு சரியென்றோ வேண்டாமென்றோ சொல்லட்டும்.